கேட்டுக்கு முன்னால் ஒரு கார்: தற்காப்புரிமையின் எல்லை எது?

கோவையில் சாய்பாபா காலனி, கணபதி, சிங்காநல்லூர் பக்கம் குறுக்குத் தெருக்களில் நடந்தால் வீட்டுக் கேட்டுகளில் தகரப் பலகைகள் தொங்குவதைப் பார்க்கலாம். பக்கத்து ஜவுளிக்கடையோ பள்ளிக்கூடமோ விளம்பரத்துக்கு அச்சடித்துக் கொடுத்தவை பாதி. ‘நோ பார்க்கிங்’ என்பதோடு நிற்காமல், ‘மீறினால் காற்று இறக்கப்படும்’ என்றும் சிலவற்றில் இருக்கும். வீட்டுக்காரர் தன் உரிமையைச் சொல்வதாக நினைத்து மாட்டிய பலகை அது. வக்கீல் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும்: தான் செய்யப்போகும் குற்றத்தை முன்கூட்டியே எழுதி வாசலில் மாட்டியிருக்கிறார்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள் புதியதில் 34 முதல் 44 வரை வருகின்றன. சாரத்தில் பெரிய மாற்றமில்லை. 35-ம் பிரிவு இரண்டு உரிமைகளைத் தருகிறது: உடலைக் காத்துக்கொள்வது, சொத்தைக் காத்துக்கொள்வது. சொத்து விஷயத்தில் சட்டம் நான்கே குற்றங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. திருட்டு, கொள்ளை, சேதம் விளைவித்தல், குற்ற நோக்கோடு அத்துமீறி நுழைதல். பொதுத் தெருவில் உங்கள் கேட்டை மறித்து ஒருவர் காரை நிறுத்திவிட்டுப் போவது இந்த நான்கில் எதிலும் சேராது. அவர் உங்கள் மண்ணுக்குள் வரவில்லை, எதையும் எடுக்கவில்லை, உடைக்கவில்லை. சொத்துக்கான தற்காப்புரிமை அங்கே பிறக்கவே இல்லை.

இப்போது வீட்டுக்காரர் ஆத்திரத்தில் ஆணியை எடுத்துக் கார் கதவில் கோடு இழுக்கிறார், அல்லது டயரைக் குத்துகிறார். அது 324-ம் பிரிவின்படி சேதம் விளைவித்தல். ஆறு மாதம் வரை சிறை. சேதத்தின் மதிப்பு 20,000 ரூபாயைத் தொட்டால் இரண்டு ஆண்டு வரை, ஒரு லட்சத்தைத் தொட்டால் ஐந்து ஆண்டு வரை. இன்றைய கார்களின் பெயிண்ட் வேலைக்கு 20,000 ரூபாய் ஒரு தொகையே இல்லை. வால்வைத் திருகிக் காற்றை மட்டும் இறக்கினால் அது சேதமா என்று வாதாடலாம்தான். ஆனால் ஒரு பொருளின் பயன்பாட்டைக் கெடுப்பதையும் சேதம் என்றே சட்டம் சொல்வதால் அந்த வாதம் எளிதில் நிற்காது.

தண்டனையைவிட முக்கியமானது அடுத்து நடப்பது. சேதம் விளைவித்தல் அந்த நான்கு குற்றங்களில் ஒன்று. ஆகவே டயரில் கை வைத்த கணத்தில் தற்காப்புரிமை கார்க்காரர் பக்கம் போய்விடுகிறது. அவர் ஓடி வந்து கையைத் தட்டிவிடலாம், பிடித்துத் தள்ளலாம், தன் வண்டியைக் காக்கத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். அதுவரை நியாயம் முழுக்க யார் பக்கம் இருந்ததோ அவருக்கு, அந்தத் தள்ளலுக்குப் பதிலாகத் திருப்பி அடிக்கும் உரிமை கிடையாது. தற்காப்புக்கு எதிராகத் தற்காப்பு இல்லை என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விதி. வாசல் மறிக்கப்பட்டவர் குற்றவாளிக் கூண்டில் போய் நிற்பது இப்படித்தான்.

ஒரு நல்ல கிரிமினல் வக்கீல் இங்கே குறுக்கிடுவார். 126-ம் பிரிவை எடுத்துக் காட்டுவார். ஒருவர் செல்ல உரிமையுள்ள வழியை, மறிக்கத் தனக்கு உரிமை உண்டு என்ற நல்லெண்ண நம்பிக்கை இல்லாமல் இன்னொருவர் மறித்தால் அது முறையின்றித் தடுத்தல். ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு உடல் சார்ந்த குற்றங்களின் அத்தியாயத்தில் இருக்கிறது. அப்படியானால் உடலுக்கான தற்காப்புரிமை இதற்கும் உண்டே? உண்டு என்றே வைத்துக்கொள்வோம். 37-ம் பிரிவு உடனே வந்து இரண்டு கட்டுகளைப் போடுகிறது. அரசு அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் உரிமை இல்லை; காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. பூட்டிக் கிடக்கும் கார் யாரையும் அடிக்க வரவில்லை. நாலு பேரைக் கூட்டிக் காரைச் சேதமில்லாமல் ஓரமாகத் தள்ளி வைக்கலாம். ஆனால் அதன் உரிமையாளர் திரும்பி வந்ததும் அவர் சட்டையைப் பிடிக்க முடியாது. நெஞ்சுவலியோடு ஒருவர் உள்ளே கிடக்கும்போது வண்டியை எடுக்க மறுத்தால் நிலைமை வேறு. பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்யும் சிறிய தீங்கை 19-ம் பிரிவு மன்னிக்கிறது. பார்க்கிங் சண்டைகளில் அத்தகைய அவசரம் அபூர்வம். பெரும்பாலும் அவசரம் மனதில்தான் இருக்கும்.

தற்காப்புச் சட்டத்தின் பிறப்பில் ஒரு வேடிக்கை உண்டு. 1837-ல் மெக்காலேயின் தலைமையில் தண்டனைச் சட்ட வரைவை எழுதிய ஆணையம், இந்த நாட்டு மக்கள் தாக்குதலை எதிர்க்காமல் பணிந்து போகிறார்கள் என்று கருதியது. அவர்களுக்குள் ஆண்மையை எழுப்ப வேண்டுமென்றே இந்த உரிமையைத் தாராளமாக வைப்பதாகக் குறிப்பும் எழுதியது. அந்தக் கனவான்கள் காங்கேயம், தாராபுரம் பக்கம் ஒரு தடத் தகராறைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

ஏனென்றால் கொங்கு நாட்டில் வழிக்குச் சண்டை காரோடு வந்ததில்லை. தோட்டம் பாகம் பிரியும்போது கிணறும் தடமும் பொதுவில் விடப்படும். ஆள் நடக்கவும் வண்டி வாகனம் போக வரவும் கால்நடை ஓட்டிச் செல்லவும் மாமூல் தடப் பாத்தியம் உண்டு என்று பத்திரத்தில் எழுதுவார்கள். இருபுறமும் கிளுவை வேலி அடைத்த இட்டேரிகள்தான் ஊரையும் தோட்டங்களையும் இணைத்தன. பங்காளிகளுக்குள் மனக்கசப்பு வந்தால் முதலில் பாதிக்கப்படுவது தடம்தான். வேலியை ஒரு முழம் தள்ளி நடுவார்கள், உழும்போது தடத்தில் ஒரு சால் சேர்த்து ஓட்டுவார்கள், குறுக்கே முள் வெட்டிப் போடுவார்கள். அடிதடியும் வெட்டுக்குத்தும் அதிலும் நடந்ததுதான். ஆனாலும் அந்தச் சண்டைக்கு ஒரு தீர்வு முறை இருந்தது. 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், வேறு வழியே இல்லாத நிலத்துக்குத் தேவையின் பேரிலும், இருபது ஆண்டு தடையின்றிப் பயன்படுத்தியவருக்கு அனுபவத்தின் பேரிலும் வழியுரிமை தருகிறது. புலப்பட வரைபடம் இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, சர்வேயர் வந்து அளந்து கல் நடலாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் ‘எங்க அப்பாரு காலத்துல இருந்து இதுதானுங்க தடம்’ என்று சொன்னால் அதற்கும் எடை உண்டு.

தெருவோரம் கார் நிறுத்துவதற்கு இப்படி எதுவும் கிடையாது. தெரு உங்கள் பட்டாவில் இல்லை. எதிர்வீட்டுக்காரர் பட்டாவிலும் இல்லை. ஆனால் தன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய நீளம் தனக்குப் பாத்தியப்பட்டது என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. பூந்தொட்டி, உடைந்த ஆட்டுக்கல், சிமென்ட் நிரப்பிய பெயிண்ட் டப்பா, சங்கிலி கட்டிய பிளாஸ்டிக் டிரம் என்று வைத்து அந்த எண்ணத்தை நிலைநாட்டுகிறார்கள். சட்டப்படி அவை பொது வழியில் ஆக்கிரமிப்பு. கேட்டுக்கு முன்னால் விட வேண்டிய வழி மட்டும் வேறு: 2017-ம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், ஒரு இடத்தின் நுழைவாயிலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. அதாவது கேட்டின் அகலத்துக்கு உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. சுவரின் நீளத்துக்கு இல்லை. நம் தெருச் சண்டைகளில் கணிசமானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருபவை.

இடமும் இல்லை. 2011-ல் கோவை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி எல்லாம் உள்ளே வந்தன. இவற்றில் பல பகுதிகள் ஒரு தலைமுறைக்கு முன் சோளக்காடும் தென்னந்தோப்புமாக இருந்து சைட் ஆனவை. 20 அடித் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நடுத்தரக் கார் கண்ணாடி நீங்கலாக ஆறடி அகலத்தை நெருங்கும். இரு பக்கமும் ஒவ்வொன்று நின்றால் நடுவில் மிச்சம் எட்டடி. தீயணைப்பு வண்டி அந்த எட்டடியை ஒட்டி வரும். ஓட்டுநர் கண்ணாடியை மடக்கிக்கொண்டு உள்ளே வர வேண்டியதுதான். பிளானில் கார் நிறுத்தும் போர்டிகோவாகக் காட்டிய இடம் கட்டி முடிந்ததும் மளிகைக் கடையாகவோ வாடகை அறையாகவோ மாறுவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். லைன் வீடுகளில் இன்னும் மோசம். ஆறு குடித்தனத்துக்கு ஒரே நடைபாதை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வண்டி. அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவர் தன் டிவிஎஸ் எக்செல்லை வெளியே எடுக்க மற்ற ஐந்தை நகர்த்த வேண்டும்.

ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பல அடுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டினார்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு அது உதவும். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பித் தன் தெருவில் இடம் தேடுகிறவருக்கு அது எந்த வகையிலும் பதில் ஆகாது. ஜப்பானில் 1962 முதல், வண்டி நிறுத்த இடம் இருப்பதாகச் சான்று காட்டினால்தான் பெரும்பாலான இடங்களில் கார் பதிவாகும். 2025-ல் மகாராஷ்டிர அரசும் அப்படிச் செய்யப்போவதாகப் பேசியது. நம்மிடம் பதிவுக் கட்டணமும் சாலை வரியும் கட்டினால் போதும். இரவில் அந்த வண்டி எங்கே தூங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

இனி ரத்தம் சிந்திய கதைகள். 2025 மார்ச்சில் மொகாலியில் பைக் நிறுத்தியதைப் பற்றிய வாக்குவாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தள்ளியதில் ஒரு அறிவியலாளர் இறந்தார். அவர் ஏற்கெனவே உடல்நலம் குன்றியிருந்தவர். அதே ஆண்டு ஆகஸ்ட் 7 இரவு தில்லி போகல் பகுதியில், வாசலை மறித்த ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்னதில் தொடங்கிய தகராறில் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். கைதான இருவருமே இருபது வயதுக்குள். கொங்கு மண்ணில் இதற்கு மிக அருகில் வருவது 2023 செப்டம்பர் 3 அன்று பல்லடம் அருகே கள்ளக்கிணறில் நடந்தது. வீட்டருகே மது குடித்தவர்களைத் தட்டிக் கேட்டதைத் தொடர்ந்து ஒரே குடும்பத்தில் நான்கு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அது பார்க்கிங் வழக்கில்லை. ஆனால் தன் வாசலருகே பிறர் செய்வதைக் கேட்கப் போன ஒரு சொல் நான்கு உயிரில் முடிந்தது என்ற அளவில் இதே வகை.

மொகாலிச் சாவில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. ‘லேசாகத்தான் தள்ளினேன், அவர் நோயாளி என்பதால் இறந்துவிட்டார்’ என்பது சாவுக்குக் காரணம் நானில்லை என்று சொல்ல உதவாது. நோயுற்ற ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தி அதனால் சாவை விரைவுபடுத்தினால், சாவை விளைவித்ததாகவே கருத வேண்டும் என்று 100-ம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. என்ன குற்றம், எவ்வளவு தண்டனை என்பது தள்ளியவரின் நோக்கத்தையும் அவருக்குத் தெரிந்திருந்ததையும் பொறுத்தது. எதிர்வீட்டுப் பெரியவரின் இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்று சட்டையைப் பிடிக்கும் முன் யார் விசாரிக்கிறார்கள்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் நாட்டில் 28,522 கொலைகள். அவற்றில் 9,962-க்குக் காரணம் ‘தகராறு’. பணத்துக்காக நடந்தவற்றைவிட இது பல மடங்கு. பார்க்கிங் என்று தனித் தலைப்பு கிடையாது. சில்லறைச் சண்டை, நிலத் தகராறு, சாலைச் சினம் என்ற தலைப்புகளுக்குள் அது கரைந்துபோகிறது. அளக்கப்படாத பிரச்சினைக்குக் கொள்கை வகுக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

தமிழ் சினிமா இதை அரசாங்கத்துக்கு முன்பே கவனித்துவிட்டது. ராம்குமார் பாலகிருஷ்ணன் இயக்கி 2023 டிசம்பரில் வந்த ‘பார்க்கிங்’ படத்தில் மாடிக்குடித்தனக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் ஒரே ஒரு கார் நிறுத்தும் இடத்துக்காக ஒருவரையொருவர் அழிக்கும் எல்லைக்குப் போகிறார்கள். சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை, எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் என்று தேசிய விருதுகள் வாங்கியது. அந்தப் படத்தின் பலம், இருவரில் யாரும் ரவுடி இல்லை என்பது. மாதச் சம்பளக்காரர்கள், குடும்பஸ்தர்கள். காவல் நிலையங்களுக்கு வரும் பார்க்கிங் தகராறுக்காரர்களும் பெரும்பாலும் அப்படிப்பட்டவர்கள்தான்.

உயிர் போன பிறகு நீதிமன்றம் என்ன பார்க்கும்? ஜெய் தேவ் எதிர் பஞ்சாப் வழக்கு இன்றும் பாடம். ஒரு வயலின் மீதான உரிமைத் தகராறு. தாக்க வந்தவர்களை எதிர்க்க நிலத்தில் இருந்தவர்களுக்கு உரிமை தொடங்கியது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் வந்தவர்கள் பின்வாங்கி ஓடத் தொடங்கிய பிறகும் சுட்டார்கள். அந்த நொடியோடு உரிமை முடிந்துவிட்டது என்று தண்டனை உறுதியானது. 2010 ஜனவரி 15-ல் வந்த தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் தீர்ப்பு மறுபக்கம். நிலப் பாகத் தகராறில் தன் தந்தையை ஆயுதத்தால் தாக்கியவரை மகன் துப்பாக்கியால் சுட்டார், ஆள் இறந்தார். உயர் நீதிமன்றம் தண்டித்தது, உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அச்சம் நியாயமானதாக இருந்தால் போதும், ஆபத்தின் நடுவில் நிற்பவன் அடியைத் தராசில் நிறுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, கோழையாக ஓடிப்போக வேண்டிய கட்டாயமும் இல்லை என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. இரண்டிலும் துப்பாக்கி, இரண்டிலும் நிலம், இரண்டிலும் சாவு. வேறுபாடு, சுட்ட நொடியில் ஆபத்து இன்னும் எதிரே நின்றதா என்பதில்.

அமெரிக்காவின் புளோரிடாவில் இதே கேள்வி ஒரு பார்க்கிங் தகராறிலேயே வந்தது. 2018 ஜூலையில் கிளியர்வாட்டர் நகரக் கடை வாசலில், மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் காரை நிறுத்தியிருந்த பெண்ணோடு ஒருவர் சண்டை போட்டார். அந்தப் பெண்ணின் துணைவர் கடைக்குள்ளிருந்து வந்து அவரைக் கீழே தள்ளினார். விழுந்தவர் தரையில் இருந்தபடியே சுட்டுக் கொன்றார். பின்வாங்காமல் நின்று சுட அனுமதிக்கும் 2005-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி ஷெரிப் முதலில் கைது செய்யவில்லை. கடையின் கேமராப் பதிவில், துப்பாக்கியைக் கண்டதும் தள்ளியவர் பின்னால் நகர்வது தெரிந்தது. 2019-ல் ஜூரி குற்றவாளி என்றது. 20 ஆண்டு சிறை. உலகிலேயே தாராளமான தற்காப்புச் சட்டங்களில் ஒன்றுகூட அந்தப் பின்னடிக்குப் பிறகு சுட்டவரைக் காப்பாற்றவில்லை.

நம் ஊரில் துப்பாக்கிக்குப் பதில் வீட்டுக்குள் அரிவாளோ கடப்பாரையோ இருக்கும். வீட்டுக்குள் போய் எடுத்து வந்தார் என்று சாட்சி சொன்னால் வழக்கின் திசையே மாறும். ‘திடீர்ச் சண்டை’ என்ற விதிவிலக்கு கொலைக் குற்றத்தை ஒரு படி குறைக்கக்கூடியது. ஆனால் உள்ளே போக நேரம் இருந்தவருக்குக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு 112-ஐ அழைக்கவும் நேரம் இருந்தது என்று அரசு வக்கீல் சொல்வார். தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவர் மீது. சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். தமிழ்நாட்டில் போலீசாரே தற்காப்பை ஏற்று விடுவித்ததும் உண்டு: 2012-ல் மதுரையில் மகளைக் காக்கக் கணவரை அடித்துக் கொன்ற பெண், 2021-ல் திருவள்ளூரில் பாலியல் வன்முறைக்கு வந்தவரைக் கொன்ற இளம்பெண். இரண்டிலும் காக்கப்பட்டது உடலும் மானமும். பார்க்கிங் இடத்துக்காக அந்தச் சலுகையை யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பெரும்பாலான தகராறுகள் இவ்வளவு தூரம் போவதில்லை. அவை போகும் வழி ஊருக்கே தெரியும். அடிபட்டவர் நேராக ஜி.எச்.சுக்குப் போய் அட்மிட் ஆவார். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவானால்தான் வழக்கு நிற்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தகவல் தெரிந்ததும் எதிராளியும் கையில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த வார்டில் படுத்துவிடுவார். ஸ்டேஷனில் கேஸ், கவுன்ட்டர் கேஸ். முன்பு 294(பி), 323, 506(2) என்று மனப்பாடமாக வரும் பிரிவுகள் இப்போது 296(பி), 115(2), 351(3) ஆகியிருக்கின்றன. இரு வழக்கையும் ஒரே அதிகாரி விசாரித்து யார் முதலில் கை வைத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்கிறது தமிழ்நாடு காவல் நிலையாணை 566. நடைமுறையில், ‘ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க’ என்று சி.எஸ்.ஆர். ரசீதோடு முடிவதே அதிகம். மறுநாள் காலையில் அதே தெருவில் அதே இரண்டு கார்கள். கூடுதலாக இரு வீட்டிலும் ஒருவரையொருவர் நோக்கிய இரண்டு கேமராக்கள்.

பிணையப் பத்திரம் வாங்குவது, பொது வழித் தடையை அகற்றுவது, வழியுரிமைத் தகராறை விசாரிப்பது ஆகிய அதிகாரங்கள், குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126, 152, 166-ம் பிரிவுகளில் நிர்வாக நடுவர்களுக்கு இருக்கின்றன. இவை எல்லாம் உடைந்த பிறகு ஒட்டவைக்கும் வேலை. அதற்கு முன்பே இருவரையும் உட்கார வைத்துப் பேச ஒரு சட்டம் வந்திருக்கிறது. 2023-ம் ஆண்டின் சமரசச் சட்டத்தில் சமூக சமரசம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு பகுதியில் வசிப்பவர்களிடையே அமைதியைக் குலைக்கக்கூடிய தகராறுகளை, மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்திடம் விண்ணப்பித்து மூன்று சமரசர் கொண்ட குழுவிடம் விடலாம் என்கிறது அது. ஊர்க் கூட்டத்தில் தடத் தகராறு பேசித் தீர்த்த மண்ணுக்கு இது அந்நியமான ஏற்பாடே இல்லை; சாதியும் செல்வாக்கும் தீர்ப்பெழுதிய அந்தப் பழைய கூட்டத்தைவிட நியாயமாகவும் நடக்கக்கூடியது. ஆனால் 2023 அக்டோபரில் அந்தச் சட்டத்தின் சில பிரிவுகளை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது இந்த அத்தியாயம் அதில் இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு குடியிருப்போர் நலச் சங்கங்கள் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் மனுக் கொடுப்பதைப் போல, இந்த அத்தியாயத்தை அமலுக்குக் கொண்டுவரக் கேட்டு மத்திய அரசுக்கு ஒரு மனு எழுத வேண்டும். அதற்குக் காத்திராமல், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்தின் கதவை இன்றே தட்டலாம். கட்டணம் எதுவும் இல்லை.